உபவாசத்தை முறித்தது யார்?

பிரியமானவர்களே, சாட்சி என்றால் ஸ்தோத்திரத்தில் தொடங்க வேண்டும். எனக்கு நடந்தது அருவருப்பில் தொடங்கியது. அங்கிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் என் கணவர் செல்வின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கப்பல் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். வயிற்றில் புற்றுநோய். அவருக்காக எங்கள் ஜெபக்குழு அந்த லெந்து தபசு நாட்களில் சங்கிலி உபவாசம் வைத்தது. ஆளுக்கு ஒரு நாள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க வேண்டும், சங்கிலி அறக் கூடாது. பள்ளியில் படிக்கிற என் மகள் ஜெனியும் அடம்பிடித்து ஒரு நாள் வாங்கிக்கொண்டாள்.

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் சவப்பெட்டியை வைத்திருந்தோம். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஜெபக்குழுத் தலைவி கிரேஸ் அக்கா, கையில் பாதி கடித்த வடையோடு. உதட்டில் எண்ணெய். உடம்பெல்லாம் தைல வாடை. பக்கத்தில் இருந்தவரிடம் பேசுகிற மாதிரி, என் காதில் விழும்படி சொன்னார்:

"சங்கிலி எங்கேயோ அறுந்திருக்கு லா. யாரோ உபவாசத்த முறிச்சிருக்காங்க. இல்லாட்டி கர்த்தர் கைவிடுவாரா?"

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என் புருஷன் பெட்டியில் கிடக்கிறார், இந்த அம்மா வடையை மென்றுகொண்டே குற்றவாளியைத் தேடுகிறார்! சீ, இதுவும் ஒரு வாயா என்றிருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் ஜெனி நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடக்கம் முடிந்தது. ஜெனிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் வாங்குவாள், கழிவறைக்கு ஓடுவாள். நான் குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறவள். ஊரார் பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பெற்ற பிள்ளை எலும்பாகக் கிடக்கிறது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

ஒருநாள் அவளே சொன்னாள். "அம்மா, அப்பாவ நான்தான் கொன்னுட்டேன். என் டர்ன் அன்னைக்கு ஸ்கூல் கேன்டீன்ல சிக்கன் ரைஸ் சாப்பிட்டேன். பசி தாங்கல மா."

கட்டிப்பிடித்து அழுதேன். அப்படியெல்லாம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்க அம்மா, அப்படித்தான் சொல்வீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதகர் வந்து சொன்னார். அதுவும் ஏறவில்லை. கிரேஸ் ஆன்ட்டி சொன்னால் அது கர்த்தரே சொன்ன மாதிரி அவளுக்கு.

எனக்கு ஜெபம் என்றாலே வெறுத்துப்போயிற்று. குழுவின் வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கும்பிடும் கைகள், ஆமென், ஆமென். பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வாந்தியைத் துடைத்துக்கொண்டே, துடைப்பமும் கையுமாகக் கத்தினேன். "ஆண்டவரே, உங்க ஜனங்களப் பாத்தாலே குமட்டுது. உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்! ஆனா இந்தப் புள்ளைய விட்டுறாதீங்க. யாரை வேணா அனுப்புங்க, அவ வாயத் திறங்க." ஆமென்கூடச் சொல்லவில்லை.

யாரை வேணா என்று நான்தானே கேட்டேன்? மறுநாள் காலையில் மணி அடித்தது. ஆள் தெரிவதற்கு முன்பே தைல வாடை வந்துவிட்டது. கம்பிக் கதவுக்கு வெளியே கிரேஸ் அக்கா, கையில் டிபன் கேரியர்.

"போயிடுங்கக்கா" என்றேன்.

"திட்டு விமலா, நல்லாத் திட்டு. ஆனா உள்ள விடு. பாஸ்டர் எல்லாம் சொன்னாரு. என் வாயால வந்த வினை."

மனசில்லாமல்தான் திறந்தேன். அந்தப் பெரிய உடம்பு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஜெனியின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தது.

"ஜெனி, என் முறை அன்னைக்கு நானும் சாப்பிட்டேன் மா. எனக்கு சுகர் இருக்குல்ல, கை நடுங்கிருச்சு. தேக்கா மார்க்கெட்ல ரெண்டு பரோட்டா."

ஜெனி திரும்பிப் பார்த்தாள். "நீங்களா ஆன்ட்டி? ரெண்டா?"

"மூணு. மட்டன் குழம்போட." அவர் அழத் தொடங்கினார். "சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழிய வேற யார் தலையிலயாவது போட்டாப் போதும்னு பேசிட்டேன். நாம சோறு தின்னதுக்காக உங்கப்பாவ எடுக்கிற ஆண்டவரா மா அவரு?"

லெந்து நாளில் மட்டன்! தின்றதையும் தின்றுவிட்டு என் வீட்டுத் துக்கத்தில் வந்து துப்புத் துலக்கியிருக்கிறார்! எனக்கு இன்னும் இரண்டு மடங்கு அருவருப்பு. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் என்று எழுந்தேன். அதற்குள் உள்ளே ஒரு சத்தம். ஜெனி சிரிக்கிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். "மூணு பரோட்டாவா ஆன்ட்டி!" கேரியரில் ரசம் சாதம் இருந்தது. கிரேஸ் அக்கா பிசைந்து உருட்டிக் கொடுக்கக் கொடுக்க வாங்கினாள். கழிவறைக்கு ஓடவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்து, சொல்லாமல் விட்ட ஆமெனைச் சொன்னேன்.

காகம் அருவருப்பான பறவை என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் வேதத்தில், பசித்திருந்த தம் ஊழியனுக்கு அப்பம் அனுப்பக் கர்த்தர் அதன் வாயைத்தான் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து துக்க வீட்டுக்குப் போனால் நான் காரணம் பேசுவதில்லை. சோறு கொண்டுபோகிறேன், வாயை மூடிக்கொள்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களே, ஜெபம் வரவில்லையா? வருகிற குமட்டலையே அவரிடம் கொட்டுங்கள். கேட்டுவிட்டு, அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறங்கள்.

தைல வாடை எனக்கு இன்னும் ஆகாது. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெனி நேராக அந்த வாடையிடம்தான் ஓடுகிறாள். "ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?"