கெட்டி ஆயில்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் எஞ்சின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார் மெக்கானிக். பக்கத்தில் வண்டிக்காரர் கதை அளந்துகொண்டிருந்தால், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அது பேசட்டும்" என்பார். வாய் ஓயாதவர்கள்கூட அடங்கிப்போவார்கள்.

காது படும் இடத்தில் அந்தப் பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. முனையை நான்கு இடம் மாற்றி வைத்துக் கேட்பார். மேலே சன்னமாக 'டிக் டிக்' என்றால் வால்வைத் தட்டும் டாப்பெட். "இது வெறும் வாயாடி. ஆளைக் கொல்லாது" என்று சிரிப்பார். அடியிலிருந்து கனமாக இடித்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது சிரிப்பெல்லாம் கிடையாது. சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், வண்டிக்காரர் எவ்வளவு கத்தினாலும் சரி.

ஆயில் விஷயத்தில் இன்னும் பிடிவாதம். வண்டியோடு வரும் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான். இன்று காலை ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் விடாமல் கெஞ்சினார்.

"கெட்டி ஆயிலா ஊத்தி விடுங்க, சத்தம் அமுங்கிடும். ஊரே அதைத்தான் பண்ணுது."

"சத்தம் அமுங்கும். நோவு அமுங்காது. வேற கடை பாருங்க."

"ஊருல இல்லாத மெக்கானிக்கு" என்று முணுமுணுத்தபடி அவர் போனார்.

கெட்டி ஆயில் தேய்ந்த பாகங்களுக்கு நடுவே மெத்தை போட்ட மாதிரி நிற்கும். சத்தம் கொஞ்ச நாள் கேட்காது. தேய்மானம் தன் பாட்டுக்கு நடக்கும். மெக்கானிக்குக்கு இது மூன்று வருடத்துக்கு முன்பும் தெரியும். "மச்சான், நாளைக்கு வெளியூர் சவாரி, கைவிட்டுடாதீங்க" என்று தங்கையின் கணவர் வந்து நின்றபோது, பேரிங் இடிப்பது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தும் கெட்டி ஆயிலை ஊற்றி, "ஒரு வாரம் தாங்கும் மாப்ள. வந்ததும் பிரிச்சுப் பார்த்துடலாம்" என்று அனுப்பிவைத்தார். மறுநாள் ஓர் இறக்கத்தில் எஞ்சின் இறுகி, கார் நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை.

அதன்பிறகு தங்கை அவரை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. பிழைப்புக்கு அவளே வாடகைக் கார் ஓட்டுகிறாள். ரிப்பேருக்கு இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இன்று மதியம் அவள் கார் இங்கே வந்து நின்றது, 'டிக் டிக்' என்று.

"அந்தக் கடையில கெட்டி ஆயில் ஊத்தலாம்னாங்க" என்றாள், எஞ்சினைப் பார்த்து.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான்கு இடத்தில் வைத்துக் கேட்கிறவர் பத்து இடத்தில் வைத்தார். கேட்டதையே மறுபடி கேட்டார். பாவி மனுஷன், மூச்சைக்கூட விட்டாரோ என்னவோ.

"டாப்பெட்தாம்மா. இடைவெளியைச் சரி பண்ணினா போயிடும். பயமில்ல."

ஒரு வாரம் தாங்கும் என்று சொன்னதும் இதே வாய்தான்.

தங்கை அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். பிடியைத் தன் முந்தானையில் துடைத்தாள். முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைத் தன் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.