கடல்பாலத்து அட்டையில் நின்றவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. எந்தச் சுடுகாட்டு ரோட்டில் பல்பு போனாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறவன். கூட வேலை செய்கிறவர்கள் அந்தக் கம்பத்தில் அது இருக்கிறது, இந்தக் கம்பத்தில் இது இருக்கிறது என்பார்கள். ஃபியூஸ் போயிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று சிரிப்பேன். அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தம் கிடையாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எங்கள் குடும்பம் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது, அதே வீடு, அதே சந்து. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எனக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, பழைய படத் தபால் அட்டைகள். யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் கபீர் இக்காவின் பழைய சாமான் கடை இருந்தது. வீட்டைக் காலி செய்து போகிறவர்களின் அலமாரிகளை அவர் மொத்தமாக வாங்குவார், அந்த அலமாரி டிராயர்களுக்குள் அட்டைகள் கிடக்கும். விளக்கையும் பெட்டியையும் டூரிஸ்ட்டுகள் கொண்டுபோவார்கள், அட்டைகள் எனக்கு. சீன வலை, போல்காட்டி, ஆலுவா மணற்புறம், மூணாறு தேயிலைச் சரிவு என்று இருநூறுக்கு மேல் சேர்த்திருந்தேன். சேர்ப்பதோடு விடமாட்டேன். லீவு நாளில் அந்தந்த இடத்துக்கே போய், அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, படத்தில் இருப்பதும் எதிரே இருப்பதும் ஒன்றாகப் பொருந்தும்வரை பின்னால் பின்னால் நடப்பேன். படம் எடுத்தவன் நின்ற இடம் அகப்படும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைச் சொன்னால் புரியாது. "ஒரு நாள் காயல்லதான் விழப்போறீங்க" என்பாள் என் மனைவி லதா.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ இருக்கும், மழை விட்ட சமயம். எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் போடிநாயக்கனூரிலிருந்து வந்த ஒரு ஜோடி வாடகைக்கு இருந்தார்கள். பரமன், ஜோதி. பரமன் பஜார் ரோட்டில் ஒரு மசாலா குடோனில் சுமட்டுக்காரன், மூட்டை தூக்குகிற வேலை. அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் மேலே அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் கையிலிருந்து ஒரு மிளகு மூட்டை நழுவி, கீழே நின்ற தாசன் சேட்டன் மேல் விழுந்துவிட்டது. அவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்தவன், ஆள் போய்விட்டார் என்று நினைத்துவிட்டான். படிக்கட்டில் இறங்கி ஓடியவன் வீட்டுக்கும் வரவில்லை, ஊருக்கும் போகவில்லை.

தாசன் சேட்டன் சாகவில்லை. தோள் எலும்பு முறிந்தது, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவரே ஜோதியைக் கூப்பிட்டு, "மோளே, அவன்மேல எனக்கு ஒரு தேஷ்யமும் இல்ல, கோவமும் இல்ல, வரச்சொல்லு" என்றார். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். நானும் எர்ணாகுளம் பிராட்வேயில் தமிழ் ஆட்கள் இருக்கிற இடமெல்லாம் போய் விசாரித்தேன். இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் போன் இருந்தது. போடியிலிருந்து ஏதாவது தகவல் வருமா என்று ஜோதி தினமும் சாயங்காலம் வந்து போன் பக்கத்தில் உட்காருவாள். அன்றைக்கு நான் ஆல்பத்தை மேஜைமேல் விரித்து, கிழிந்த பிளாஸ்டிக் உறைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒரு அட்டைமேல் விரலை வைத்தாள்.

"அண்ணே, இது அவருண்ணே."

ஆலப்புழைக் கடல்பாலம் அது. கையால் வண்ணம் தீட்டிய அட்டை. பாலம் முழுசாக இருக்கிறது, மேலே தண்டவாளம், சரக்கு தள்ளுகிற டிராலிகள், தூரத்தில் கப்பல். முன்னால் மணலில் ஒரு ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறான். பின்பக்கம் ராஜா தலை போட்ட தபால்தலை, அதன்மேல் முத்திரை. என்னிடம் வந்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"இது வெள்ளைக்காரன் காலத்துப் படம், ஜோதி. பரமனோட அப்பாவே அப்ப பொறந்திருக்க மாட்டாரு" என்றேன்.

"காலமெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. இந்த நிப்பு அவரு நிப்பு."

உண்மையில் அந்த நிற்பு கொஞ்சம் விசேஷம்தான். வலது தோள் இறங்கி, கழுத்து இடப்பக்கம் சாய்ந்து, ஒரு கையால் மறு முழங்கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பான் பரமன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. "சட்டைப் பையப் பாருங்க. ஒரு மூலை தொங்குதா? தைச்சுத் தாரேன், கழட்டுங்கன்னேன், நாளைக்குன்னாரு. அன்னைக்குத்தான் போனது" என்றாள்.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பையின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அது மட்டுமில்லை, இரண்டு வருஷமாக நான் கவனிக்காத ஒன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பாலத்தின்மேல் வேலை செய்கிற அத்தனை பேரும் வெறும் மேலோடு இருந்தார்கள். இவன் ஒருவன்தான் காலர் வைத்த சட்டை போட்டிருந்தான்.

லென்ஸைக் கீழே வைத்தேன். லதாதான் சமையலறையிலிருந்து வந்து, "ஆலப்புழை என்ன அமெரிக்காவா? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க, அவ மனசு ஆறட்டும்" என்றாள். எனக்கு இஷ்டமே இல்லை. கிடைக்காமல் திரும்பும்போது அந்தப் பெண் படப்போகிற பாடுதான் கண்முன்னால் நின்றது. ஆனாலும் போனோம்.

தோப்பும்படியில் பஸ் பிடித்து ஆலப்புழை போய்ச் சேரும்போது பதினொன்றரை. கடற்கரையில் வெயிலென்றால் வெயில், மணலில் கால் வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானாலும் அந்த நேரத்துக்கு ஆளே இல்லை. பாலம் இப்போது பாலமாக இல்லையே, துருப்பிடித்த தூண்கள் மட்டும் வரிசையாகக் கடலுக்குள் போகின்றன, மேலே பலகையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சாயாக்கடையில் விசாரித்தோம், வலை உலர்த்துகிறவர்களிடம் கேட்டோம். யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அங்கும் இங்கும் நடந்தோம். ஜோதி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் அட்டையை எடுத்தேன். கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தூண்களின் வரிசையை வைத்துப் பின்னால் நடந்தேன். கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் நாலு அடி பின்னால். எதிரே மணலில் யாரும் இல்லை, இது எனக்கு நிச்சயம், ஏனென்றால் அட்டையில் அந்த ஆள் நிற்கிற இடம் நேரில் எதுவாக இருக்கும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரிசை சரியாகப் பொருந்தியது. அட்டையைக் கீழே இறக்கினேன்.

பரமன் நின்றுகொண்டிருந்தான்.

அதே இடம், அதே நிற்பு. இறங்கின தோள், சாய்ந்த கழுத்து, தொங்குகிற பை. இருபது முப்பது அடி தூரம்தான். கண் கூடச் சிமிட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பார்த்த அதே நேரத்தில் ஜோதியும் பார்த்துவிட்டாள். "ஏய்யா!" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே என் பக்கமே பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

யாரைக் கேட்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் யாரும் இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். என் காலைச் சுற்றி மணலில் மூன்று குழிகள். கட்டைவிரல் கனத்தில், ஆழமாக, முக்கோணமாக. நான் அதற்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் பார்த்தால் என் கால் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை.

தாசன் சேட்டன் உயிரோடு இருக்கிறார் என்று ஜோதி சொன்னதும் அவன் மணலில் மடிந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சாயா வாங்கிக் கொடுத்ததும் சொல்ல ஆரம்பித்தான். ஒரு கயிற்று டிப்போவில் லாரிக்கு ஏற்றுகிற வேலை செய்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறான். "இன்னைக்குக் கடலுக்கு எதுக்கு வந்தேன்னு மட்டும் கேக்காதீங்கண்ணே" என்றான். கேட்காமலே எங்களுக்குப் புரிந்தது.

"தண்ணிக்குள்ள இறங்கப் போறப்ப ஒரு ஆளு கூப்பிட்டாரு. ஒல்லியா, கோட்டு போட்டுக்கிட்டு. மூணு கால் வச்ச பெட்டி, கறுப்புத் துணி. அவிடெ நில்லு, நான் சொல்ற வரைக்கும் அனங்கக் கூடாதுன்னாரு. நின்னேன். துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டாரு. அப்புறம் நீங்க வந்துட்டீங்க."

"பாலத்தப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"அது எனக்குப் பின்னாடில்ல இருந்துச்சு? அசையக் கூடாதுன்னாரே. ஆனா சத்தம் கேட்டுச்சு. இரும்புச் சக்கரம் உருளுற மாதிரி, ஆளுக கத்துற மாதிரி."

நான் பையிலிருந்த அட்டையை அவனிடம் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்து ராத்திரி முழுக்கப் பார்த்தேன். அட்டை கொஞ்சமும் மாறவில்லை. மாறியிருந்தால்கூட மனப்பிராந்தி என்று தேற்றிக்கொண்டிருப்பேன். அன்று மத்தியானம் எடுத்த படம் இரண்டு வருஷமாக என் வீட்டில் இருந்திருக்கிறது, அதற்கு முன்னால் அறுபது வருஷம் யார் யார் வீட்டிலோ இருந்திருக்கிறது. இதற்கு என்ன கணக்கு என்று நீங்கள்தான் சொல்லுங்கள்.

பரமன் குடோனுக்கே திரும்பிப் போனான். தாசன் சேட்டனும் அவனும் சேர்ந்தே வேலை செய்தார்கள். ஆறேழு வருஷம் கழித்து, சொந்த ஊரிலேயே இருந்துவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். போகிற அன்று காலையில் பரமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த ஆளு மொதல்ல என்கிட்ட வழிதான் கேட்டாரு. மட்டாஞ்சேரிக்குப் போற படகு எங்கேருந்து கெளம்புதுன்னு. நான் அங்கேருந்துதான் வாரேன்னேன். எந்தத் தெருன்னாரு. சொல்லிட்டேன்."

"எந்தத் தெருவச் சொன்ன?"

"நம்ம தெருவத்தான்."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடிவதில்லை. இப்போது ஜூ டவுன் பக்கம் போனால் ஆளுக்கொரு கேமரா, செல்போன். யாராவது "சேட்டா, ஒரு நிமிஷம் அவிடெ நில்லு" என்றால் போதும், வேகமாக நடந்துவிடுவேன். அட்டை சேர்ப்பதையும் நிறுத்திவிட்டேன், ஆல்பத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. வீட்டு வாசலில் நின்று பேசுவதில்லை. யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுத்தான் பேசுவேன். திமிர் பிடித்தவன் என்று தெருவில் பேச்சு.

போன வருஷம் கபீர் இக்கா போன் பண்ணினார். "மணியே, ஒரு கட்டு பழைய கார்டு கிட்டியிருக்கு. அதுல ஒண்ணு உன் தெரு. வீடும் உன் வீடுதான்னு தோணுது. வாசல்ல ஒரு ஆள் நிக்குது, முகம் தெளியல்ல. வந்து பாரு."

வேண்டாம் இக்கா என்றேன்.

"அது சரி, உன் வீட்டுக் கதவு எப்பவாவது பச்சையா இருந்துதா? இதுல பச்சை அடிச்சிருக்கு."

எங்கள் கதவு என் தாத்தா காலத்திலிருந்து தவிட்டு நிறம்தான். நான் போகவில்லை. அடுத்த மாதம் அந்தக் கார்டுக் கட்டை யாரோ டூரிஸ்ட் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊருக்குப் போனதோ. பரமன் தொலைந்து போயிருந்தான், அவனைக் கண்டுபிடிக்க அந்த அட்டை வந்தது, அது நல்லதுதான். நான் எங்கேயும் தொலையவில்லையே, என்னை எதற்காக, யார் தேடப்போகிறார்கள்?

எங்கள் மகளைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. நேற்று லதா பிராட்வேக்குப் போய்க் கதவுக்கு இரண்டு டின் பெயின்ட் வாங்கி வந்திருக்கிறாள். என்ன கலர் என்று கேட்டேன். சொன்னாள். மாற்றிக்கொண்டு வா என்றேன். பச்சைக்கு என்ன குறைச்சல் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.