மரம் கிடந்த தடம்

கடலுக்குப் போகிறவன் கடலில்தான் கஷ்டப்படுகிறான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களைக் கேட்டால் கரைதான் ஆளைக் கொல்லும் என்போம். மீனை இறக்கிய பிறகு கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் குடித்து ஊறிய மரங்களை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி, காலை உள்ளே இழுக்கிற மணலில் மேடேற வேண்டும். அங்கே காயப் போட்டால்தான் மறுநாள் ஒழுங்காக மிதக்கும். எங்களுடையது இரண்டு பேர் போகிற சின்னக் கட்டுமரம்; பேச்சில் அதையும் மரம் என்றே சொல்வோம். நானும் என் மச்சினனும், அதாவது என் மனைவியின் தம்பியும். தூக்கும்போது முன் நுனியில் நான், பின் நுனியில் அவன்.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் நிற்பவன் "பிடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். பின்னாலிருந்து "பிடிச்சாச்சு" என்று பதில் வந்த பிறகே இருவரும் சேர்ந்து எழ வேண்டும். அன்றைக்கு எனக்குப் பசி. கேட்டேன், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்த வாக்கிலேயே வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டித் தூக்கினேன். இருப்பதிலேயே பெரிதான நடு மரத்தின் கனம் மொத்தமும் இடுப்பில் இறங்கி, வலி இடது கால் பெருவிரல் வரை ஓடியது. என்னை வலையில் கிடத்தித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை அந்த வலையில் மீன் மட்டும்தான் போயிருந்தது.

எங்கள் பக்கம் எலும்பு, நரம்பு என்றால் வர்ம ஆசான்தான். அவர் வந்து எண்ணெய் தடவி உழிந்து இடுப்பில் துணி சுற்றினார். எத்தனை நாள் தடவினாரோ, அதன் பிறகும் அத்தனை நாள் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்கு நல்லிருப்பு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் ஒரு நாள்கூட அப்படிக் கிடந்திருக்க மாட்டான். குனியக் கூடாது, தும்மலை அடக்கக் கூடாது, மீன் தின்னக் கூடாது. கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கஞ்சியும் சிறுபயறும்! அடுத்த வீட்டில் சாளை பொரிக்கிற மணம் ஓலைக் கீற்று வழியாக வரும்போது அழுகையே வந்தது.

மலையாளச் சீமையில் இருந்த எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். என்னைப் பார்க்க வந்தவர்களும் அதையே பேசிவிட்டுப் போனார்கள். நான் வாசலோடு சேர்ந்தால் போதும் என்று கிடந்தேன். கூரையையே பார்த்துக்கொண்டு, யாருடைய மரம் கரையேறுகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எங்கள் மரத்தின் சத்தம் மட்டும் வராது. அது மேட்டில் காய்ந்து கிடந்தது. மச்சினன் வேறொருவர் மரத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். மரம் தூக்க முடியாதவனை மரத்தில் ஏற்ற மாட்டார்கள். துடுப்புப் போடுவதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, அவன் கிழவர்களோடு உட்கார்ந்து வலை பின்ன வேண்டியதுதான். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அந்தக் கிழவர்களின் வரிசையில் போய் உட்காருவதைவிடச் செத்துவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

துணியை அவிழ்த்த அன்று ஆசான் சொன்னார்: "இனி குனிஞ்சு எடுக்காதேயும். இருந்து எடும். முதுகு நிமிந்தே இருக்கட்டும், காலு எழும்பட்டும்."

அதைப் பிடித்துக்கொண்டேன். கொல்லையில் வெறும் குடத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து எழுவேன். பிறகு குடத்தில் கொஞ்சம் மணல், அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம். மனைவி பார்த்துவிட்டால் தொலைந்தது.

"நீரு சும்மா கெடயும், சொல்லியாச்சு. பின்னயும் விழுந்தா நான் எங்க போவேன்?"

"ஏட்டி, குடம்தானே?"

"இன்னிக்குக் குடம். நாளைக்கு அந்த மரம்."

அவள் சொன்னது சரி. மணல் நிறைந்த குடம் வலிக்காமல் எழுந்ததும் கரைக்குப் போனேன். மச்சினன் கூலி மரத்தை விட்டுவிட்டு வந்து எங்கள் மரத்தைக் கட்டினான். முதலில் ஓர மரங்களை மட்டும் நான் தூக்கினேன். நடு மரத்துக்கு வேறு ஆள் வந்தது. பிறகு ஒருநாள் நடு மரத்தின் முன்னால் உட்கார்ந்து, "பிடிச்சாச்சா?" என்று கேட்டேன். பின்னாலிருந்து, "பிடிச்சாச்சு, மச்சான்."

எழுந்தது. அவ்வளவு லேசாக எழும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சாயாக்கடையில் அன்று நான் அடித்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பழைய இடுப்பைவிட இது நல்ல இடுப்பு என்றேன். கேட்டவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

சில வாரம் அப்படியே போனது. ஒருநாள் மரங்களை மேட்டில் போட்ட பிறகு, மறந்து வைத்த துடுப்பை எடுக்கத் தண்ணீரோரம் இறங்கினேன். ஈர மணலில் நடு மரம் கிடந்த தடம் அப்படியே பதிந்திருந்தது. ஒரு நுனியில் நான் உட்கார்ந்து எழுந்த கால் தடம். மறு நுனியில் ஒன்றும் இல்லை. அவன் கால் தடம் நுனியை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, நடுவுக்குப் பக்கத்தில், கணுக்கால் வரை புதைந்து தெரிந்தது.

மரம் தூக்குகிற எவனுக்கும் இது தெரியும். நடுவை நோக்கி யார் தள்ளி நிற்கிறானோ அவன் மேல்தான் கனம் விழும். நுனியில் நிற்பவன் பெயருக்குப் பிடித்திருப்பான். நான் முன்னால் நின்றதால் அவனைப் பார்க்க வழியில்லை. கரையில் இருந்த மற்ற எல்லாருக்கும் கண் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமாட்டி?"

அவள் அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். "அவந்தான் சொல்லப்படாதுன்னான்."

"எப்பமிருந்து?"

"மொதல் நாள்லேருந்து. தினமும் நீரு சாயாக்கடைக்குப் போற நேரம் அவன் தோளுக்கு நாந்தான் எண்ணெ போட்டுவிடுதேன். தோலு உரிஞ்சு கெடக்கு."

வீட்டில் இத்தனை நாளும் அடித்த எண்ணெய் வாசம் என் இடுப்பிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கட்டிலில் கிடந்தபோது கூரையாவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது என்னைச் சுற்றி எல்லாரும் அன்பாக நின்றுகொண்டு வழியை மறித்திருந்தார்கள். தூக்கவும் முடியாது, முடியாது என்று சொல்லவும் விட மாட்டார்கள்.

மறுநாள் கரையேறி நடு மரத்துக்கு வந்ததும் சொன்னேன்: "லே மக்கா, இன்னிக்கு நீ முன்னால போ."

அவன் முகம் மாறியது. முன்னால் போனான். நுனியைத் தாண்டி உள்ளே தள்ளி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், "பிடிச்சாச்சா?" என்றான்.

"இல்ல. நுனிக்குப் போ."

"மச்சான்..."

"போலே."

போனான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிடிச்சாச்சு" என்றேன். மரம் மணலை விட்டது. முழங்கால் உயரம் வந்தது. அங்கே நின்றுவிட்டது. என் இடுப்புக்குள் அந்தப் பழைய இடம் விழித்துக்கொண்டது. ஒரு வெட்டு வெட்டினால் மேலே போய்விடும் என்று தெரிந்தது. அதற்கப்புறம் வலைதான் என்பதும் தெரிந்தது. கரையில் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறக்கு" என்றேன்.

இறக்கினோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. அவனும் திரும்பவில்லை.

"ஒரு முழம் உள்ள வா, மக்கா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அவன் ஒரு முழம் தள்ளி வந்தான். மரம் எழுந்தது. கிழவர்களின் வரிசையில் எனக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை; மறுபடி வலையைப் பின்னத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு இடுப்பு தாங்குவதைப் பார்த்துப் பார்த்து நானே அவனைச் சிறிது சிறிதாக நுனிக்கு அனுப்பினேன். முழம் குறைந்து சாணாயிற்று. அந்த ஒரு சாணை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் இருவரும் கடலை விட்ட நாள் வரை அவன் கால் தடம் நுனிக்கு ஒரு சாண் உள்ளேதான் இருந்தது. பின்னால் நின்று தினமும் அதைப் பார்த்தேன். "போலே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.