சோதனைக்குப் போன கட்டிகள்

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டும் வேலைக்கு நான் சுப்பர்வைசராக இருந்தேன். அரசாங்க வேலையை எங்கள் கம்பனி கொந்தராத்து எடுத்திருந்தது. தூணுக்குப் போடும் கொங்கிரீட்டிலேயே சில கட்டிகள் வார்த்து, உறுதி பார்க்க அனுப்ப வேண்டும். நான் கட்டிகளுக்கு மட்டும் சீமெந்தைக் கூட்டி, தூணுக்குக் குறைக்கச் சொல்வேன். கட்டிகள் தேறிவிடும். முதல் இரண்டு தூண்களும் அப்படித்தான் எழும்பின. "கந்தோர் அதிகாரிங்க லஞ்சம் தின்னுறாங்க, நாம என்ன செய்ய?" என்பார் முதலாளி. நானும் அதை நம்பினேன்.

கலவை போட்டவர் அந்தத் தோட்டத்து லெட்சுமி அக்கா. ஒருநாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கட்டி மேல யாரும் நடக்கப் போறதில்ல. எங்க புள்ளைங்க நடக்கிற பாலத்துக்கு ஏன் சீமெந்த கொறைக்கிறீங்க?"

"மேல குடுக்கணும் அக்கா."

"யாரு கேட்டாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். இந்த வேலையில் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மிச்சம் பிடித்ததெல்லாம் கம்பனிக்கே போனது.

அன்று மூன்றாவது தூணுக்குக் குறைத்துப் போட்டிருந்த கலவையிலேயே கட்டி வார்த்து அனுப்பினேன். தேறவில்லை. விசாரிக்க வந்த என்ஜினியரிடம் முந்திய இரண்டையும் பற்றிச் சொன்னேன். மூன்றையும் இடித்து, கம்பனி செலவில் திரும்பக் கட்டினார்கள். எனக்கு வேலை போனது.

இப்போது யாராவது ஊழலென்று அதிகாரிகளைத் திட்டினால், நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு, சீமெந்தைக் குறைக்கச் சொன்ன வாய் என்னுடையது என்பதையும் சொல்லிவிடுவேன்.