வளர்வதற்கு விட்ட துணி

புதுக்கோட்டைக் கடைவீதியில் இருந்த அந்தத் தையற்காரருக்கு ஓரிடத்தில் நிற்கவே தெரியாது. நர்சு பயிற்சிக்கென்று தைக்கக் கொடுத்த வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்க்க, அம்மாவும் நானும் ஆவூரிலிருந்து போயிருந்தோம். மறுநாள் மெட்ராஸுக்கு ரயில். என் உயரம் நாலே முக்கால் அடி. பள்ளிக்கூடப் பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

தையற்காரர் போட்டிருந்த சட்டையின் தோள்தையல் முழங்கை வரை இறங்கிக் கிடந்தது. என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி, அங்கே நின்று பார்த்தார். திரும்பி வந்து இடுப்புப் பட்டியை விரலளவு ஏற்றி ஊசி குத்தினார்.

"வளர்ற புள்ளைங்க, நீளமாவே இருக்கட்டும்" என்றார் அம்மா.

"வயசு என்னங்க ஆச்சு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"இருபது."

"இனிமே எங்கிட்டு வளரப் போறீங்க? இருக்கிற ஒசரத்துக்குத் தச்சாத்தான் பெரிய ஆளாத் தெரிவீங்க."

அம்மா வாய் திறப்பதற்குள் கத்தரி முழங்காலுக்குக் கீழே இருந்த துணியை வெட்டித் தள்ளிவிட்டது. கண்ணாடியில் ஒரு நர்சு நின்றாள்.

ஓய்வு பெறும் வரை அதே அளவில்தான் கவுன் தைத்துக்கொண்டேன். அவ்வளவு கண்ணுள்ள மனிதர், தான் போட்டிருந்த அந்தத் தொளதொளச் சட்டையில் மட்டும் கத்தரியை வைக்கவில்லை. அது யாருடைய சட்டை என்று கேட்காமல் வந்துவிட்டேன்.