சத்தமில்லாமல் கூப்பிட்டவள்

போன வருடம் கோடை விடுமுறை. பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி, மைசூரைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள். காட்டு யானையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் நச்சரித்து வாங்கிய பயணம் அது.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் சைகை மொழியில்தான் பேசுவோம். அப்பாவும் மகளும் ஆரம்பித்துவிட்டால் நான் குறுக்கே புக முடியாது, அவ்வளவு வேகம். என் கை கொஞ்சம் மந்தம், வாய்தான் நீளம்.

படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றபோது, எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கேட்டார். “ஏம்மா, காது கேக்காத பொண்ண காட்டுக்கெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, ஏதாவதுன்னா கத்திக் கூப்பிட்டாகூட தெரியாதே?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நீங்க உங்க பேகைப் பாத்துக்குங்க, இங்க குரங்கு ஜாஸ்தி” என்றேன். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

முதல் படகில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. கணவர் அதில் ஏறிக்கொண்டார். அடுத்த படகில் நானும் மகளும். அந்த அம்மாளும் எங்களுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தார், என் நேரம்.

கோடை என்பதால் ஏரி வற்றி, மூழ்கிப்போன மரங்களின் கட்டைகள் ஆங்காங்கே தலைநீட்டின. வளைவு ஒன்றில் திரும்பியதும் கரையில் ஒரு யானை, அதன் காலடியில் குட்டி. மகள் என் தொடையில் கிள்ளியே விட்டாள். அந்த நேரம் பார்த்து, தண்ணீருக்கடியில் இருந்த கட்டையில் படகு ஏறிச் சிக்கிக்கொண்டது.

படகோட்டி இன்ஜினை முறுக்கினார். யானை காதை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. அவர் சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டு, “கூகபேடி, மரி இதெ” என்று கிசுகிசுத்தார். கத்தாதீர்கள், குட்டி இருக்கிறது என்று அர்த்தம். போனில் சிக்னல் கிடையாது. கணவர் போன படகு தூரத்தில் எதிர்க்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என்ன ஆச்சு என்று மகள் சைகையில் கேட்டாள். சொன்னேன். அவள் உட்கார்ந்தபடியே அப்பா இருந்த திசையைப் பார்த்து இரண்டு கைகளையும் அகலமாக வீசினாள். அவர் எங்கே போனாலும் மகளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர். பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவள் கைகள் பேசிய பேச்சை நான் எப்படிச் சொல்வேன்! கட்டையில் மாட்டிக்கொண்டோம், பக்கத்தில் குட்டியோடு யானை, சத்தமில்லாமல் பின்பக்கமாக வாருங்கள், கயிறு வேண்டும். என் கண்ணுக்கு அவர் முகமே தெரியாத தூரம். ஆனால் ‘புரிந்தது, பயப்படாதே’ என்று பதில் வந்ததாக மகள் என்னிடம் சொன்னாள்.

அந்தப் படகு திரும்பியது. தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, துடுப்புப் போட்டு எங்களுக்குப் பின்னால் மெதுவாக வந்தது. கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கட்டை விட்டது. யானை முழங்கால் தண்ணீரில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் விலக விலக, அது குட்டியிடம் திரும்பிப் போனது.

கொஞ்ச தூரம் வந்ததும் யாரோ கைதட்டப் போனார். படகோட்டி தடுத்தார். மகள் சிரித்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்து அசைத்துக் காட்டினாள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். நான் எடுத்துச் சொன்னதும் முதலில் கையைத் தூக்கியவர் அந்த அம்மாள்தான். பிறகு படகு முழுக்கக் கைகள், படகோட்டியின் கை உட்பட. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போதும் யாராவது பரிதாபமாக, “உங்க பொண்ணு பேச மாட்டாளா?” என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது கோபமே வருவதில்லை. “ரொம்ப நல்லா பேசுவா, ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்” என்று சொல்லிவிட்டு, அவளுடைய அம்மா என்ற பெருமையோடு நடக்கிறேன்.