புத்தகத்தில் இல்லாத மாமி

அன்ரன் அண்ணை ஒரு பொய்யர். உயிரோடு இருக்கிற ஒரு மனுசியைக் குடும்பத்திலிருந்து அழித்தவர்.

அவர் என் பெரியப்பாவின் மகன். என்னைப்போல இங்கே புலம்பெயர்ந்து வந்தவர்; வீடு செவன் கிங்ஸில், கடை ஈஸ்ட் ஹாமில். வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் பேசியாகிவிட்டது. அந்தக் கதைதான் இது.

போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு பாதர் போன் எடுத்தார். போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமுக்குள் போய்வர அனுமதி உள்ளவர்.

"ரோசம்மா எண்டு ஒரு வயசான அம்மா. உங்கட அப்பான்ர தங்கச்சி எண்டு சொல்லுறா. வயசான ஆக்களை வெளியில விடுகினம். ஆனா பொறுப்பெடுக்கச் சொந்தக்காரர் வேணும். இருக்க ஒரு வீடும் வேணும்."

அப்பாவுக்குத் தங்கையா? கேட்க அப்பா இல்லை. பெரியப்பாவும் இந்த வருடம் போய்விட்டார். ஊர்க் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு கோவிலோடு சேர்ந்து எரிந்துவிட்டதாம். மிச்சமிருப்பது ஒன்றுதான் — ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நாம் அச்சடிக்கிற நினைவு மலர்.

உங்கள் அலுமாரியிலும் நாலைந்து கிடக்கும். முன்னால் இறந்தவரின் படம், உள்ளே வரலாறு, கடைசியில் வம்சாவளி. யார் வாசிக்கிறோம்? நம்முடைய பெயர் விடுபடாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு ரோல்ஸைச் சாப்பிடுவோம்.

எங்கள் குடும்பத்து மலர்கள் மூன்றையும் மேசையில் பரப்பினேன்.

அப்பப்பா மனுவேலின் மலர் மன்னாரில் அடித்தது, பழுப்புத் தாள். டூட்டிங்கில் இருக்கிற மச்சாள் தந்தார். அதில் அப்பப்பா வயல் செய்கிற "கமக்காரர்". இரண்டாம் தாரம், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த மரியா. அவர்களுக்கு ஒரே மகள், ரோசம்மா.

அப்பாவின் மலர் பாரிஸில் அடித்தது. அப்பப்பா "பெருங் கமக்காரர்" ஆகிவிட்டார். மரியாவைக் காணோம். ரோசம்மா "வளர்ப்பு மகள்".

பெரியப்பாவுக்கு ஈஸ்ட் ஹாமில் பளபளவென்று அடித்த மலரில் அப்பப்பா "நிலக்கிழார்". ரோசம்மாவே இல்லை. பிந்திய இரண்டையும் எழுதியவர் அன்ரன் அண்ணை.

செத்த பிறகு ஒரு ஏழைக் கமக்காரன் எப்படி முன்னேறுகிறான், பார்த்தீர்களா?

மன்னார் பட்டணத்தில் அண்ணைக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. திறப்பு அவருடைய சாவிக்கொத்தில் தொங்குகிறது. எனக்கு அங்கே ஒரு கூரையும் இல்லை. ஞாயிறு பூசை முடிய நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, ரோசம்மா மாமி உயிரோட இருக்கிறா. முகாமில."

"எந்த ரோசம்மா?"

"அப்பப்பான்ர ரெண்டாம் தாரத்துப் பிள்ளை. பொறுப்பு நான் எடுக்கிறன். நீங்கள் மன்னார் வீட்டைத் திறந்து விட்டாப் போதும். அவவைப் பாக்கிறதுக்குப் பாதர் ஆள் பிடிச்சுத் தருவார்."

"உமக்கு விசரே? எங்கட குடும்பத்தில அப்படி ஒருத்தரும் இல்லை. ஐயான்ர நினைவுப் புத்தகத்தை எடுத்துப் பாரும். பரம்பரை முழுக்கப் போட்டிருக்கு."

"அதை எழுதினது நீங்கள்தானே."

"ஓம். அதுதான் சொல்லுறன். இருந்தா நான் விட்டிருப்பனே?"



அண்ணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, மகளுக்குக் கலியாணம் பேசுறம். பொடியன்ர பகுதி அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கினம். இப்ப போய்த் தோட்டக்காட்டுத் தொடர்பு எண்டா…"

தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

இதே அண்ணைதான் போர் நேரத்தில் இங்கத்தைய பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்று, "எங்கட சனம், எங்கட சனம்" என்று தொண்டை கட்டக் கத்தியவர். எந்தச் சனம்? கலியாணச் சந்தையில் காட்டக்கூடிய சனம் மட்டுமா?

மாமியிடம் அப்பப்பாவைப் பற்றி விசாரிக்கும்படி பாதரைக் கேட்டிருந்தேன். அவர் சொன்னார்: "நெல்லுக் கதிர் சூடடிக்கிற நாளில தன்ர அப்புவுக்குத் தும்மல் நிக்காதாம். மூக்கையும் வாயையும் துவாயால கட்டிக்கொண்டுதான் மற்றவன்ர களத்தில நிப்பாராம். இவ பக்கத்தில இருந்து சிரிப்பாவாம்."

நெல்லுத் தூசு ஒத்துக்கொள்ளாத கூலிக் கமக்காரன். மூன்று மலர்களிலும் இந்த மனிதன் இல்லை. எனக்குக் கிடைத்த உண்மையான அப்பப்பா இவ்வளவுதான். அவரும் ஒரு கிழவியின் ஞாபகத்தில், முட்கம்பிக்குள் இருக்கிறார்.

நேற்றுப் பாதர் மறுபடி போன் எடுத்தார். "மழை தொடங்கிட்டுது. கூடாரத்துக்குள்ள தண்ணி. அவவுக்கு எழும்ப ஏலாமக் கிடக்கு. முந்தி, ஆர் வருவினம் எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பா. இப்ப கேக்கிறதில்லை."

பதிவேட்டை ஷெல் எரித்தது. மிச்சத்தை நாங்களே அச்சகத்தில் கொடுத்து அழித்தோம். இந்த இனத்தைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

அன்ரன் அண்ணை, இந்தப் பத்திரிகை உங்கள் கடைக்கும் வருகிறது. போனில் வேண்டாம், கோவில் வாசலில் வேண்டாம். இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள் — ரோசம்மா மாமிக்கு மன்னார் வீட்டுத் திறப்பைத் தருவீர்களா, மாட்டீர்களா?